தண்ணீர் வந்தது, வடிகால் வரவில்லை: சான் லூயிஸ் பாசனத் திட்டமும் கெஸ்டர்சன் குளங்களும்

பாசனத் திட்டத்துக்காக மண் ஆய்வு செய்பவரிடம் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கப்படும்: தண்ணீர் விட்டால் இந்த நிலம் விளையுமா? கலிபோர்னியாவில், சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில், அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைத்தது. நிலம் விளைந்தது. ஆனால் விட்ட தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி எதைக் கரைக்கும், கரைத்ததைச் சுமந்துகொண்டு எங்கே போய் நிற்கும் என்பதற்குத் திட்டக் கோப்பில் பாதி விடைதான் இருந்தது. மீதிப் பாதி தெரியவந்தபோது கால்வாய் வெட்டி, பயிர் வைத்து, வடிகாலையும் பாதி கட்டி முடித்திருந்தார்கள்.

அந்தத் திட்டத்தை மண் ஆய்வாளரின் பக்கத்திலிருந்து பார்க்கும் முயற்சி இது. சம்பந்தப்பட்ட பொறியாளர்கள், உயிரியலாளர்கள், விவசாயிகள் யாருடைய பெயரும் இதில் இல்லை. பெயர்கள் தேவையும் இல்லை. தவறு ஒரு ஆளிடம் இருந்ததாக இதைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

## பின்னணி

பள்ளத்தாக்கின் கிழக்கே சியெரா நெவாடா மலை, மேற்கே கடலோர மலைத்தொடர். கிழக்கு மலை கிரானைட். அதிலிருந்து வரும் மணலும் நீரும் உப்புக் குறைந்தவை. மேற்கு மலையின் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலடியில் படிந்த களிப்பாறை. பைரைட், ஜிப்சம், சோடியம் சல்பேட் எல்லாம் அந்தப் பாறையோடு சேர்ந்தே இருக்கின்றன. பனோச்சே ஓடை, கான்டுவா ஓடை போன்ற சிற்றோடைகள் மழைக்காலத்தில் மட்டும் ஓடி, அந்த மலையின் வண்டலை அடிவாரத்தில் விசிறி போலப் பரப்பின. மேற்குப் பகுதியின் பாசன நிலம் முழுவதும் இந்த வண்டல் விசிறிகள்தான்.

அடியில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஆழத்தில் கோர்கோரன் களி என்ற பழைய ஏரிப் படிவு பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் பரவி, நிலத்தடி நீரை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கு மேலேயும், விசிறியின் தாழ்ந்த ஓரங்களில், மெல்லிய களி அடுக்குகள் பல உண்டு. மேலிருந்து இறங்கும் தண்ணீரை இவை அங்கங்கே தாங்கி நிறுத்தும்.

மழை குறைவு. கால்வாய் வருவதற்கு முன் விவசாயிகள் கோர்கோரன் களிக்குக் கீழே ஆழ்துளை போட்டு நீர் இறைத்தார்கள். நிலம் அமுங்கியது. மெண்டோட்டாவுக்கு அருகே ஒரு மின்கம்பத்தில் 1925, 1955, 1977 ஆகிய ஆண்டுகளில் தரைமட்டம் எங்கே இருந்தது என்று பலகை மாட்டி எடுத்த படம் நிலவியல் பாடங்களில் அடிக்கடி வரும். கம்பத்தின் அடியில் ஒருவர் நிற்கிறார், 1925-ன் பலகை அவர் தலைக்கு வெகு மேலே, தரையிலிருந்து ஏறக்குறைய 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருந்தது.

1960-ல் அமெரிக்க நாடாளுமன்றம் மத்தியப் பள்ளத்தாக்குத் திட்டத்தின் பகுதியாக சான் லூயிஸ் பிரிவுக்கு அனுமதி அளித்தது. 1962-ல் அணைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அணை 1967-ல் முடிந்தது. சுமார் 20 லட்சம் ஏக்கர்-அடி கொள்ளளவு (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு ஏக்கர்-அடி). திட்டத்தின் பெரிய பயனாளியான வெஸ்ட்லேண்ட்ஸ் நீர் மாவட்டத்தின் பரப்பு மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் ஏக்கர். பருத்தி, தக்காளி, முலாம்பழம் என்று பணப்பயிர்கள் பரவின.

## மண் ஆய்வு சொன்னது

திட்டத்தை நடத்திய அமெரிக்க நில மீட்புப் பணியகத்துக்கு நில வகைப்பாட்டில் நீண்ட அனுபவம் உண்டு. அதன் முறைப்படி நிலம் 6 வகுப்புகளாகப் பிரிக்கப்படும். மண்ணின் தன்மை, நிலத்தின் சரிவு, வடிகால் வசதி ஆகிய மூன்றையும் பார்த்து, பாசனச் செலவைத் தாங்கி விவசாயிக்கு மிச்சம் கிடைக்குமா என்று கணக்குப் போடுவார்கள். முதல் 3 வகுப்புகள் பாசனத்துக்கு ஏற்றவை, 4 சிறப்புப் பயன்பாட்டுக்கானது, 6 பாசனத்துக்கு ஒவ்வாதது. 5-ஆம் வகுப்பு கொஞ்சம் தனி. மேலும் ஆய்வு அல்லது கட்டுமானம் தேவைப்படும் நிலத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் இடம் அது. இந்த 5-ஆம் வகுப்புக்குப் பின்னர் திரும்பி வருவோம்.

விசிறியின் நடுப்பகுதி மண், குறிப்பாக பனோச்சே வகை, எந்த ஆய்வாளரையும் மகிழ்விக்கும். ஆழமான களிமண் கலந்த குறுமண், கல் இல்லை, சரிவு மிதமானது, வேர் நன்றாக இறங்கும். விசிறியின் சரிவில் கீழே போகப் போகக் களி கூடும், உப்பும் சோடியமும் கூடும். லெத்தெண்ட் போன்ற உவர்-களர் மண்வகைகள் அந்தத் தாழ்ந்த பகுதிக்கு உரியவை. நீர்மட்டம் மேலே வரும் ஆபத்தும் அங்கேதான் அதிகம். இதையெல்லாம் ஆய்வு கண்டுபிடிக்காமல் விடவில்லை. பாசனம் தொடங்கினால் வடிகால் தேவைப்படும் என்பது திட்டத்தின் தொடக்கத்திலேயே தெரியும். 1960-ன் சட்டமே வடிகாலுக்கு வழி செய்யப்பட வேண்டும் என்று சொல்கிறது.

சரி, என்ன விடுபட்டது? அந்தக் கால மண் ஆய்வகத்தின் வேலையை ஒரு நிமிடம் பார்க்கலாம். மண்ணை உலர்த்தி, பொடித்து, காய்ச்சி வடித்த நீரில் பசை போலக் குழைத்து, அதிலிருந்து சாற்றை உறிஞ்சி எடுத்து, மின்கடத்துதிறன் அளப்பார்கள். மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் உவர் மண். மாற்றத்தக்க சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டினால் களர். 1954-ல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட கையேடு வகுத்த அளவுகோல்கள் இவை, இன்றும் நாம் பயன்படுத்துபவை. பயிருக்கு ஆகாத போரானையும் பார்ப்பார்கள். பயிரின் வேர் பார்வையில் இது போதுமானது.

ஆனால் மின்கடத்துதிறன் கருவி கரைந்த உப்பு மொத்தத்துக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். பிற்பாடு கெஸ்டர்சனுக்கு, அதாவது வடிகால் போய் முடிந்த குளங்களுக்கு, வந்து சேர்ந்த வடிநீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 10,000 மில்லிகிராம் உப்பு இருந்தது, செலினியம் (மிகச் சிறிதளவு உயிர்களுக்குத் தேவை, மிகுந்தால் நஞ்சாகும் தனிமம்) 0.3 மில்லிகிராம். அந்த உப்பில் ஒரு லட்சத்தில் மூன்று பங்கு. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் கருவியின் முள் அசையாது. தனியாகத் தேடினால்தான் கிடைக்கும். தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வாய்ப்பு இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்றுதான் சொல்வேன். 1930-களிலேயே தெற்கு டகோட்டா, வயோமிங் பகுதிகளில் கடற்களிப்பாறையிலிருந்து உருவான மண்ணில் செலினியம் மிகுந்து, அங்கே மேய்ந்த மாடு குதிரைகளுக்குக் குளம்பு கழன்று விழுவதை வேளாண் துறையினர் ஆராய்ந்திருந்தார்கள். அந்த நிலத்தின் தானியத்தைத் தின்ற கோழிகளின் முட்டைகள் பொரியாமல் போனதும், உருக்குலைந்த குஞ்சுகள் வந்ததும்கூடப் பதிவாகியிருந்தன. பாறை ஒரே இனம், காலநிலையும் வறட்சியானது. அந்த அறிவு கால்நடைத் துறையின் அலமாரியில் இருந்தது, பாசனப் பொறியாளரின் மேசைக்கு வரவில்லை.

## திட்டமிடலில் எடுத்த முடிவுகள்

மூலத் திட்டத்தில் சான் லூயிஸ் வடிகாலின் நீளம் 188 மைல். மேற்குப் பகுதியின் உப்பு நீரைச் சேகரித்து வடக்கே கொண்டுபோய், சாக்ரமெண்டோ-சான் வாக்கீன் கழிமுகத்தில், கடல்நீரோடு கலக்கும் இடத்தில் விடுவதாக ஏற்பாடு. மாநில அரசும் சேர்ந்து ஒரு பொது வடிகால் கட்டும் என்று எதிர்பார்த்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் மாநிலம் விலகிக்கொண்டது. பணியகம் தனியாகக் கட்டத் தொடங்கியது. 1968 முதல் 1975 வரையில் 85 மைல் கான்கிரீட் கால்வாய் முடிந்தது.

மீதி 100 மைலுக்கு மேல் கட்டப்படவே இல்லை. பணம் ஒரு காரணம். கழிமுகத்தை ஒட்டி வாழும் மக்கள் தங்கள் குடிநீரும் மீனும் என்ன ஆகும் என்று கேட்டது இன்னொரு காரணம். அந்த எதிர்ப்பை அப்போது பலர் அரசியல் தொந்தரவாகப் பார்த்தார்கள். இன்று பார்த்தால், வடிநீரில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமல் அதை இங்கே விடப்போகிறோம் என்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

வடிகால் நின்ற இடத்தில் கெஸ்டர்சன் இருந்தது. ஆழமில்லாத 12 குளங்கள், மொத்தம் சுமார் 1,280 ஏக்கர், ஆழம் ஏறக்குறைய 4 அடி. கழிமுகத்தில் நீரோட்டம் சாதகமாக இருக்கும்வரை வடிநீரைப் பிடித்து வைத்து, பிறகு விடுவதற்கான இடைநிலைத் தேக்கம் என்பதே அதன் பணி. கீழே போக வழி இல்லாமல் போனதும் அதுவே கடைசி இடமாயிற்று. வரும் தண்ணீர் வெயிலில் ஆவியாகும், கொஞ்சம் தரைக்குள் கசியும், உப்பு தங்கும்.

1970-ல் இந்தக் குளங்கள் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் பகுதியாக ஆக்கப்பட்டன. இன்று கேட்க விபரீதமாகத் தெரியும். அன்றைக்கு அதற்குக் காரணம் இருந்தது: கலிபோர்னியாவின் சதுப்பு நிலங்களில் மிகப் பெரும்பகுதி விளைநிலமாகி அழிந்துவிட்டது, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் நீர்ப்பறவைகளுக்கு இறங்க இடம் இல்லை. எப்படியும் தேங்கப்போகும் தண்ணீர் பறவைகளுக்குப் பயன்படட்டுமே என்று நில மீட்புப் பணியகமும் வனவிலங்குத் துறையும் ஒப்புக்கொண்டன.

ஆக, மூன்று முடிவுகள் அடுத்தடுத்து நடந்தன: தண்ணீரை முதலில் கொடுப்பது, வடிகாலைப் பகுதி பகுதியாகக் கட்டுவது, பாதி வடிகாலின் முனையைப் பறவைப் புகலிடமாக்குவது. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயம் சொல்ல முடியும். முதல் முடிவுதான் மற்ற இரண்டையும் கட்டாயமாக்கியது என்பது என் கருத்து. நிலத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகு வடிகாலைத் தள்ளிப்போட முடியாது, கிடைத்த இடத்தில் முடித்தாக வேண்டும்.

## தண்ணீர் வந்த பிறகு நிலத்தடியில் நடந்தது

பாசன நீர் எவ்வளவு நல்ல நீராக இருந்தாலும் உப்பு கொண்டுவரும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள நீரை எடுத்துக்கொள்வோம், குடிக்கக்கூடிய நீர்தான். ஒரு ஏக்கர்-அடி என்பது 1,233 கன மீட்டர். அதில் 370 கிலோ உப்பு. ஆண்டுக்கு 3 ஏக்கர்-அடி விட்டால் ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல். பயிர் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடும். அதை வேருக்குக் கீழே தள்ளக் கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். அந்தக் கூடுதல் நீர் நீர்மட்டத்தில் சேரும்.

இங்கே வெளியிலிருந்து வந்த உப்போடு மண்ணிலேயே இருந்த பழைய உப்பும் சேர்ந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக மழை போதாமல் கழுவப்படாமல் கிடந்த சல்பேட் உப்புகளும், அவற்றோடு சேர்ந்திருந்த செலினியமும் பாசன நீரில் கரைந்து இறங்கின. காற்றோட்டமுள்ள காரத்தன்மை மண்ணில் செலினியம் செலினேட் என்ற வடிவில் இருக்கும். அது சல்பேட்டைப் போலவே நீரோடு ஓடும், மண்துகளில் ஒட்டாது. விசிறியின் கீழ்ப்பகுதியில் களி அடுக்குகள் இந்த நீரைத் தடுத்து நிறுத்தின. நீர்மட்டம் தரைக்குச் சில அடிகள் கீழே வந்ததும் வெயில் அதை உறிஞ்சத் தொடங்கியது. நீர் போய், உப்பும் செலினியமும் மேலும் அடர்ந்தன. வயல் ஓரங்களில் வெள்ளை பூத்தது.

விவசாயிகள் தங்கள் பங்குக்குச் சரியானதைத்தான் செய்தார்கள். 6 முதல் 9 அடி ஆழத்தில் துளையிட்ட வடிகுழாய்களைப் பதித்தார்கள். குழாய் நீர் சேகரிப்புக் குழாய்க்கு, அங்கிருந்து சான் லூயிஸ் வடிகாலுக்கு, அங்கிருந்து கெஸ்டர்சனுக்கு. முதல் சில ஆண்டுகளில் குளங்களுக்கு வந்தது பெரும்பாலும் நல்ல நீர். 1978 முதல் நிலத்தடி வடிநீரின் பங்கு கூடிக்கொண்டே போய், 1981 வாக்கில் ஏறக்குறைய முழுவதும் அதுவாகவே ஆனது.

## குளங்களில் தெரிந்தவை

முதலில் காணாமல் போனது மீன். 1982 வாக்கில் பாஸ், கெளுத்தி, கெண்டை என்று எதுவும் அந்த நீரில் இல்லை. கொசுப்புழு தின்னும் சின்ன கம்பூசியா மட்டும் மிஞ்சியது. எதையும் தாங்கும் மீன் அது. வனவிலங்குத் துறையினர் அதைப் பிடித்துச் சோதித்தார்கள். அருகிலிருந்த வோல்டா சதுப்பு நிலத்தில் வடிநீர் வருவதில்லை, அதனால் அதை ஒப்பீட்டு இடமாக எடுத்துக்கொண்டார்கள். வோல்டா மீனைவிட கெஸ்டர்சன் மீனில் செலினியம் ஏறக்குறைய நூறு மடங்கு இருந்தது.

இந்த ஒப்பீட்டு இடத்தைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கெஸ்டர்சனின் எண்ணை மட்டும் வைத்திருந்தால் அது அதிகமா, அந்த வட்டாரத்துக்கே இயல்பா என்று வருடக்கணக்கில் வாதம் நடந்திருக்கும்.

1983-ன் இனப்பெருக்கக் காலத்தில் உயிரியலாளர்கள் கூடுகளைக் கண்காணித்தார்கள். நாமக்கோழி, முக்குளிப்பான், நெடுங்கால் உள்ளான், வாத்து என்று சுமார் 350 கூடுகள். அவற்றில் 40 சதவீதம் கூடுகளில் குறைந்தது ஒரு கருவாவது முட்டைக்குள்ளேயே இறந்திருந்தது. சுமார் 20 சதவீதத்தில் குறைந்தது ஒரு கரு அல்லது குஞ்சு வெளிப்படையாக உருக்குலைந்திருந்தது: கண் இல்லை, அலகு கோணியிருந்தது அல்லது இல்லவே இல்லை, கால்களும் இறக்கைகளும் முழுமையாக வளரவில்லை.

நீரில் இருந்தது லிட்டருக்கு சுமார் 300 மைக்ரோகிராம். பின்னர் 1987-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நன்னீர் உயிரினங்களுக்கு நீண்டகால வரம்பாக வைத்தது 5 மைக்ரோகிராம். ஆனால் நீரின் எண்ணைவிட உணவுச் சங்கிலிதான் பெரிய தீங்கு செய்தது. பாசியும் நுண்ணுயிர்களும் செலினேட்டை எடுத்துத் தங்கள் புரதத்தில் சேர்த்துக்கொள்கின்றன. பூச்சி பாசியைத் தின்னும், பறவை பூச்சியைத் தின்னும், முட்டையிடும்போது அது முட்டைக்குள் போய்விடும். ஒவ்வொரு படியிலும் அடர்த்தி கூடும். நிற்கும் நீர், ஆழமின்மை, வெயில், பாசி, பூச்சி ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் இருந்ததால் கெஸ்டர்சன் இதற்கு மிகவும் ஏற்ற இடமாகிவிட்டது.

## மூடும் முடிவு

பக்கத்து நில உரிமையாளர் ஒருவரின் புகாரின் பேரில் மாநில நீர்வள வாரியம் 1985 பிப்ரவரியில் குளங்களைச் சுத்தம் செய்ய உத்தரவிட்டது. அதே ஆண்டு மார்ச் 15 அன்று, லாஸ் பானோஸ் ஊரில் நடந்த நாடாளுமன்றக் குழு விசாரணையில், நில மீட்புப் பணியகத்துக்கு மேலான கூட்டரசின் இன்டீரியர் துறை கெஸ்டர்சனையும் வடிகாலையும் மூடப்போவதாக அறிவித்தது. வலசைப் பறவைகள் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவதாகிவிடும் என்பது காரணம். வடிகாலில் நீர் விடும் சுமார் 42,000 ஏக்கருக்குப் பாசன நீரையும் நிறுத்துவதாகச் சொன்னார்கள்.

விதைப்புக் காலத்தின் நடுவே வந்த அறிவிப்பு. கடன் வாங்கிப் பயிர் வைத்தவர்கள், அவர்களுக்குக் கடன் கொடுத்த வங்கிகள், அந்தப் பயிரை நம்பிய கூலிக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் தெருவுக்கு வரும் நிலை. இரண்டு மூன்று வாரங்களுக்குள் சமரசம் ஏற்பட்டது: பாசன நீர் தொடரும், ஆனால் 1986 ஜூன் இறுதிக்குள் வடிகாலில் நீர் விடுவது படிப்படியாக நிற்க வேண்டும். நின்றது. வயல்களின் வடிகுழாய்கள் அடைக்கப்பட்டன. 1988-ல் குளங்களின் தாழ்ந்த பகுதிகள், மழைநீர் தேங்கிப் பறவைகளை ஈர்க்காதபடி, மண் போட்டு மேடாக்கப்பட்டன.

பறவைகளைப் பொறுத்தவரை இது சரியான முடிவு. நிலத்தைப் பொறுத்தவரை, வடிகால் தேவை தீரவில்லை. குழாயை அடைத்ததால் நீர்மட்டம் எங்கும் போய்விடாது.

## காரணத்தைத் தேடிய இரண்டாவது மண் ஆய்வு

முதல் ஆய்வு நடந்திருக்க வேண்டிய விதத்தில் இந்த ஆய்வு நடந்தது. 1984-ல் கூட்டரசும் மாநிலமும் சேர்ந்து சான் வாக்கீன் பள்ளத்தாக்கு வடிகால் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கின. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தினர் மலையிலிருந்து பள்ளத்தாக்கின் நடுக்கோடு வரை பாறை, மண், ஆழமற்ற நிலத்தடி நீர் எல்லாவற்றையும் ஒரே தொடராகப் பார்த்தார்கள். அவற்றில் மூன்று முடிவுகளை மண் ஆய்வாளர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

முதலாவது, மண்ணில் உள்ள மொத்த செலினியம் அப்படியொன்றும் அசாதாரணமாக இல்லை. மேற்கு அமெரிக்காவின் மற்ற மண்களோடு ஒப்பிடத்தக்கதே. அதாவது, முதல் ஆய்விலேயே யாராவது மொத்த செலினியம் பார்த்திருந்தாலும் கவலைப்படாமல் கடந்து போயிருக்கலாம். கரையும் வடிவில் எவ்வளவு, அது நீர்மட்டத்தில் சேர்ந்து ஆவியாகி எவ்வளவு அடர்கிறது என்பதில்தான் விஷயம் இருந்தது.

இரண்டாவது, செலினியம் எங்கே மிகுந்திருந்தது என்பதற்கு நில அமைப்பு விடை சொன்னது. பெரிய ஓடைகளின் விசிறிகளில் மேல்பகுதி ஓரளவு கழுவப்பட்டிருந்தது. இரண்டு விசிறிகளுக்கு நடுவே உள்ள பகுதிகளிலும், எப்போதாவது மட்டும் ஓடும் சின்ன ஓடைகளின் விசிறிகளிலும் பழைய உப்பு அப்படியே கிடந்தது. ஒரு நல்ல மண் வரைபடத்தில் இந்த எல்லைகள் ஏற்கெனவே இருக்கும். அவற்றை வேறு கேள்வியோடு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் விவசாயிகளுக்குக் கசப்பானது. வடிகுழாய் அந்த வயலில் அந்த ஆண்டு இறங்கிய நீரை மட்டும் எடுப்பதில்லை. ஆழத்தில் கிடக்கும் பழைய, அடர்ந்த நீரையும் கீழிருந்து மேலே இழுக்கிறது. எனவே ஒரு விவசாயி இன்று சிக்கனமாகப் பாசனம் செய்தால் வடிநீரின் அளவு குறையும், ஆனால் அதன் செலினிய அடர்த்தி உடனே குறையாது. பல ஆண்டுகள் ஆகும். அவர் ஒழுங்காக நடந்தும் அளவீட்டில் அது தெரியாமல் போகலாம்.

## அதற்குப் பிறகு

1990-ல் அந்த ஆய்வுத் திட்டத்தின் இறுதி அறிக்கை வந்தது. வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதைப் பற்றிப் பேசாமல், பள்ளத்தாக்குக்குள்ளேயே சமாளிக்கும் வழிகளைச் சொன்னது: பாசனத்தைச் சிக்கனமாக்கி வடிநீரைக் குறைப்பது, வடிநீரை உப்பு தாங்கும் பயிர்களுக்கு மறுபடி விடுவது, மிக மோசமான நிலங்களைப் பாசனத்திலிருந்து விலக்குவது. 1992-ல் வந்த கூட்டரசுச் சட்டம் ஒன்று நிலத்தை விலைக்கு வாங்கிப் பாசனத்திலிருந்து விலக்க வழிசெய்தது.

வடக்கே கிராஸ்லேண்ட்ஸ் பகுதி விவசாயிகள் 1996 முதல் வேறொரு பாதையில் போனார்கள். சான் லூயிஸ் வடிகாலின் 28 மைல் பகுதியைப் பயன்படுத்தி வடிநீரைச் சதுப்பு நிலங்களைத் தொடாமல் சுற்றிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பதிலாக, ஆண்டுக்கு இவ்வளவு செலினியம்தான் விடலாம் என்ற வரம்பை ஏற்றார்கள். வரம்பைத் தாண்டினால் கட்டணம், அதுவும் பகுதி முழுவதுக்கும் சேர்த்து. பக்கத்து வயலின் வடிநீர் இப்போது எல்லாருடைய கணக்கிலும் வந்தது. அப்புறம் வடிநீரை மறுசுழற்சி செய்தார்கள், ஒதுக்கிய நிலத்தில் உப்பு தாங்கும் கோதுமைப் புல் வளர்த்து அதற்குப் பாய்ச்சினார்கள். வெளியே போகும் செலினியம் பெருமளவு குறைந்தது. இந்த முழு வரலாற்றிலும் நன்றாக நடந்தது என்று தயங்காமல் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

சட்டப் போராட்டம் தனியே நடந்தது. 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 1960-ன் சட்டப்படி வடிகால் வசதி செய்து தரும் கடமை அரசுக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் கழிமுகத்துக்குப் போகும் வடிகாலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று தீர்ப்பளித்தது. 2007-ல் பணியகம் தேர்ந்தெடுத்த திட்டத்தில் 1,94,000 ஏக்கரைப் பாசனத்திலிருந்து விலக்குவது முக்கியப் பகுதியாக இருந்தது. நீர் கொடுக்கவென்று தொடங்கிய திட்டத்தின் வடிகால் தீர்வு, கடைசியில் பெருமளவு நீரை நிறுத்துவதாக வந்து நின்றது.

## இதே வேலையை இன்று செய்தால் என்ன மாறும்

5-ஆம் வகுப்புக்கு வருவோம். வடிநீர் போய்ச் சேரும் இடம் முடிவாகாத நிலம், மண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், முதல் வகுப்பு ஆகாது. அந்த இடம் உறுதியாகும்வரை அது 5-இல் இருக்க வேண்டும். இதற்குப் புதிய விதி எதுவும் தேவையில்லை. வடிகால் என்பது வகைப்பாட்டின் மூன்று அளவுகோல்களில் ஒன்று, அதை வயலின் எல்லையோடு நிறுத்தாமல் வெளியேறும் முனை வரை படிக்க வேண்டும். அரசியல்ரீதியாக இது கடினம் என்பது தெரியும். நல்ல மண்ணைக் காட்டி, இதற்கு இப்போது தண்ணீர் கிடையாது என்று விவசாயியிடம் சொல்லிவிட்டு ஊரில் நடமாட முடியாது. ஆனாலும் வரைபடத்தில் அந்த எண் இருந்தால், அதை மாற்றுபவர் கையெழுத்துப் போட்டு மாற்ற வேண்டியிருக்கும்.

ஆய்வின் எல்லையையும் மாற்ற வேண்டும். ஆயக்கட்டுக்கு மேலே உள்ள மலையின் பாறையில் தொடங்கி, வடிநீர் கடைசியில் நிற்கும் இடத்தில் முடிய வேண்டும். தாய்ப்பாறை கடற்படிவு என்றால் செலினியம், போரான், ஆர்செனிக், மாலிப்டினம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே தேட வேண்டும். எல்லா மாதிரிகளிலும் தேடப் பணம் போதாது. மண் வரைபட அலகுகளில் உப்பு மிகுந்தவற்றிலிருந்தும், விசிறிகளுக்கு இடைப்பட்ட பகுதியிலிருந்தும் சில துளைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் சாற்றையும் அங்கே கிடைக்கும் ஆழமற்ற நிலத்தடி நீரையும் சோதித்தால் போதும். மண்ணின் மொத்த அளவைவிட இந்த நீர் அதிகம் பேசும்.

ஆழமும் முக்கியம். பயிருக்காகத் தோண்டும் 5 அடிக் குழி வடிகால் கேள்விக்குப் பதில் தராது. குழாய் 9 அடியில் போகப்போகிறது என்றால், அது எந்த ஆழத்து நீரை இழுக்கும் என்பதற்குப் பல மடங்கு ஆழத்தில் நீர்மட்டக் குழாய்கள், ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழங்களில், பதிக்க வேண்டும். இவை அழுத்த வேறுபாட்டையும் காட்டும், நீரின் வயதையும் தரத்தையும் பிரித்துக் காட்டும்.

வடிநீர் விடப்போகும் இடத்தில் உயிரினங்கள் இருக்கும் என்றால், அங்கே முதல் சொட்டு விழுவதற்கு முன்பே மீன், பூச்சி, முட்டை ஆகியவற்றின் அடிப்படை அளவுகள் எடுக்கப்பட வேண்டும். வோல்டாவைப் போல ஒரு ஒப்பீட்டு இடமும் அப்போதே குறிக்கப்பட வேண்டும். இந்த வேலையை மண் ஆய்வாளர் செய்ய முடியாது. ஆனால் இதைச் செய்யக்கூடியவரைத் திட்டக் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லி அறிக்கையில் எழுத முடியும்.

கட்டும் வரிசையில் ஒரு நிபந்தனை வைக்கலாம். கால்வாயின் ஒவ்வொரு பகுதிக்கும் நீர் திறப்பதை அந்தப் பகுதியின் வடிகால் முனை வரை முடிவதோடு ஒப்பந்தத்திலேயே கட்டிவிட வேண்டும். வடிகால் தாமதமானால் நீரும் தாமதமாகும், அதனால் வடிகாலுக்காகப் பேச நீர் கேட்பவர்களே முன்வருவார்கள். சான் லூயிஸில் நீர் கிடைத்துவிட்ட பிறகு வடிகாலுக்காகப் பேச அவசரப்பட்டவர்கள் நீர்மட்டம் உயர்ந்த தாழ்நில விவசாயிகள் மட்டுமே. மேட்டு நிலத்தவர்களின் நீரும் அங்கேதான் இறங்கியது, ஆனால் அவர்கள் வயலில் வெள்ளை பூக்கவில்லை.